விதைக்கு விட்ட மூட்டைப்பூச்சி

காரைக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் டியூட்டராகச் சேர்ந்த புதிதில், பரிணாமத்தை நான் ஒட்டகச்சிவிங்கியை வைத்துத்தான் நடத்தினேன். ஒட்டகச்சிவிங்கியை நானும் பார்த்ததில்லை, என் மாணவிகளும் பார்த்ததில்லை. கழுத்து நீண்டது பிழைத்தது, கழுத்து குட்டையானது செத்தது என்று நான் சொல்ல, அவர்கள் எழுதிக்கொள்ள, எல்லாரும் நல்லபடியாகத் தேறினோம். எனக்கே அதில் முழு நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். கல்லல் பக்கம் எங்கள் வீட்டில் ஆதாம் ஏவாளைத் தாண்டி ஒருவரும் ஓரடி நகர மாட்டார்கள். சம்பளத்துக்காக நான் கொஞ்சம் நகர்ந்திருந்தேன். மிச்சத் தூரத்துக்கு என்னை நகர்த்தியது கண்டனூர் மூட்டைப்பூச்சி.

அப்போது எழுபதுகளின் தொடக்கம். கண்டனூரில் ஒரு செட்டியார் வீட்டு முகப்பை ஒட்டிய இரண்டு அறைகளில் குடியிருந்தேன். செட்டியாருக்கு மெட்ராஸில் தொழில். நல்ல நாள், கெட்ட நாளுக்கு மட்டும் ஊருக்கு வருவார். அத்தனை பெரிய வீட்டில் அவர் மனைவி ஆச்சியும் இளைய மகளும் மட்டும்தான் இருந்தார்கள். ஆச்சிக்கு ஐம்பது வயது ஆகவில்லை. வைரத்தோடும் பழைய நூல் சேலையும் ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டு இரண்டுக்கும் பொருத்தமாக இருக்கத் தெரிந்தவர். பேச்சில் கெட்டிக்காரி, கைச்செலவில் அதைவிடக் கெட்டிக்காரி. தேங்காய் நாரிலிருந்து பிஸ்கட் டப்பா வரைக்கும் அந்த வீட்டுக்குள் வந்த எதுவும் திரும்ப வெளியே போனதில்லை. மூட்டைப்பூச்சியும் அப்படித்தான்.

அந்த ஊரில் வீடுகள் பாதி நாள் பூட்டியே கிடக்கும். கல்யாணம், திருவிழா என்றால் கதவுகள் திறக்கும், கட்டில்கள் வெளியே வரும், ஜனம் நிறைந்துவிடும். பூச்சிகளுக்கு அதுதான் அறுவடைக் காலம். மற்ற நாட்களில் பூட்டிய அறைகளில் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து, வௌவாலோ புறாவோ கிடைத்தால் கடித்து, பந்திக்குக் காத்திருக்கும். இரவல் வேறு. ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் பக்கத்து வீடுகளிலிருந்து பாய், தலையணை, ஜமக்காளம் எல்லாம் வந்து இறங்கும். கேட்காமலே அனுப்புவார்கள், வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். மனிதர்கள் ஒரு சம்பந்தம் பேசி முடிப்பதற்குள் தலையணைக்குள் பூச்சிகள் ஊர் முழுக்கச் சம்பந்தம் பண்ணி முடித்திருக்கும்.

மூத்த மகளின் கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை இந்தப் பூச்சிகள் ஒரு ராத்திரி விருந்தாக்கிக்கொண்டன. நான் குடிவருவதற்கு முன்னால் நடந்தது, ஊரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு மதுரையில் தொழில், முகத்தில் எப்போதும் ஒரு புகார். காலையில் அவர் கழுத்தெல்லாம் தடித்துப்போய் எழுந்து வந்து, இந்த வீட்டில் இனிமேல் தலை சாய்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் சாய்க்காத இடத்தில் அவர் பெண்டாட்டியும் சாய்க்கக் கூடாதாம். அன்றிலிருந்து இரண்டு வருஷமாக அந்தப் பெண் தாய்வீட்டுக்கு வெயில் ஏற வருவாள், வெயில் தாழப் போய்விடுவாள். வந்ததிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆச்சி அவளுக்குப் பிடித்ததையெல்லாம் ஒரே வேளையில் சமைத்து வைப்பார். ஒரு வயிற்றில் எவ்வளவுதான் போகும். அவள் போன பிறகு அந்த மிச்சமெல்லாம் என் அறைக்கு வரும், நானும் மனசாட்சி இல்லாமல் சாப்பிடுவேன்.

இந்த நிலையில் இளைய மகளுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமானது. மூத்த மாப்பிள்ளை காரைக்குடியில் லாட்ஜ் எடுத்துத் தங்கிக்கொண்டு வந்து போகிறேன் என்று சொல்லி அனுப்பினார். வீட்டில் இத்தனை அறைகளை வைத்துக்கொண்டு மூத்த மாப்பிள்ளையை லாட்ஜில் தங்கவிட்டால், அப்புறம் அந்தப் பெண் தாய்வீட்டில் ஒருநாளும் இராத் தங்கப்போவதில்லை. இது ஆச்சிக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் காலையில் நேராக என் அறை வாசலில் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, பூச்சியப் படிச்சுத்தான சம்பளம் வாங்குறீக? எம் பொண்ணு இந்த வீட்டுல படுத்து எந்திரிக்கணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

வழக்கமாக என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். டி.டி.டி. பவுடர் போடுகிறேன் என்றார். மலேரியாக்காரர்கள் வந்து சுவரில் மருந்து அடித்த காலத்தில் தெரிந்துகொண்டது. தை மாதம் ஒரு தடவை, விசேஷத்துக்கு முன்னால் ஒரு தடவை, வருஷம் தவறாமல் போட்டு வருகிறாராம். எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்டதும் ஆச்சியின் குரல் கொஞ்சம் இறங்கியது. சும்மா போட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே என்று பாதிக்குப் பாதி சுண்ணாம்புத் தூள் கலந்து, மெல்லிய துணியில் முடிந்து, விபூதி பூசுகிற மாதிரி கட்டில் காலுக்கெல்லாம் ஒற்றி எடுப்பாராம். முதலிரண்டு வருஷம் கொத்துக் கொத்தாக விழுந்தது, இப்போது மருந்து கெட்டுப்போய்விட்டது, கலப்படம் செய்கிறான்கள் என்று கடைக்காரரைத் திட்டினார்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. கல்லூரியிலிருந்து சோதனைக்குழாய்களும் கலப்பில்லாத டி.டி.டி.யும் கொண்டுவந்தேன். விளக்குமாற்றுக் குச்சியால் ஆச்சி வீட்டுக் கட்டில் இடுக்கிலிருந்து கொஞ்சம் பூச்சிகளை நெம்பியெடுத்து ஒரு குழாயில் போட்டேன். ஒத்துப்பார்க்க வேறு ஊர்ப் பூச்சி வேண்டும். எங்கள் கல்லூரி விடுதியில் மருந்தே அடித்ததில்லை. கடி இருந்தால் பெண்கள் தூங்காமல் படிப்பார்கள் என்பது வார்டனின் கொள்கை. விடுதிப் பூச்சிகளை மாணவிகள் மனமுவந்து தந்தார்கள். இரண்டு குழாயிலும் ஒரே அளவு மருந்து தூவி, ஜன்னல் மேல் வைத்தேன்.

மறுநாள் விடுதிப் பூச்சிகள் காலைத் தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தன. ஆச்சி வீட்டுப் பூச்சிகளில் ஒன்றிரண்டுதான் செத்திருந்தன. மற்றவை மருந்துக்கு மேலேயே நடந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு உண்மையாகவே உடம்பு சிலிர்த்தது. பாடப்புத்தகத்தில் லட்சக்கணக்கான வருஷம் என்று போட்டிருந்தது, கண்டனூரில் ஆச்சி ஒற்றை ஆளாக அதைச் சில வருஷத்தில் முடித்து வைத்திருந்தார்.

குழாய்களை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். ஆச்சி ஆற அமர ஒரு பார்வை பார்த்துவிட்டு, மருந்து பழகிப்போச்சு, கள்ளுக்குடிக்கிறவனுக்குப் பழகின மாதிரி என்றார். அங்கேதான் அவருக்கும் எனக்கும் ஒரு சின்னச் சண்டை. பழகவில்லை என்றேன். மருந்து பட்ட எந்தப் பூச்சியும் பழகித் தேறவில்லை. அந்தக் கூட்டத்தில் பிறக்கும்போதே மருந்து தாங்குகிற உடம்போடு ஏதோ ஒன்றிரண்டு இருந்திருக்கும். மருந்து வருவதற்கு முன்னால் அதனால் அவற்றுக்கு ஒரு லாபமும் இல்லை. நீங்கள் மருந்து போட்டதும் மற்றதெல்லாம் செத்தது, அவை மட்டும் நின்றன. முட்டையிட்டது அவைதான், அடுத்த தலைமுறை முழுக்க அவற்றின் பிள்ளைகள். அரைகுறையாகத் தாங்குகிறவைகூட, நீங்கள் சுண்ணாம்பு கலந்த புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டன. வருஷம் தவறாமல் நீங்கள் சலிக்க, சல்லடையில் நிற்பது மேலும் மேலும் தேர்ந்த சரக்காக வந்தது.

ஆச்சி குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் மனதில் கணக்கு ஓடுவது முகத்தில் தெரிந்தது.

"அப்ப நாந்தேன் நல்லதாப் பாத்து விதைக்கு விட்டிருக்கேன்."

அதைவிடச் சுருக்கமாக இயற்கைத் தேர்வை நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. சிரித்துவிட்டேன். ஆச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. கலக்காமல் போட்டிருந்தால் எல்லாம் செத்திருக்குமா என்று கேட்டார். அதுவும் நிச்சயமில்லை, கொஞ்சம் தாமதமாக இதே இடத்துக்கு வந்திருக்கலாம் என்றேன். அது அவருக்கு ஆறுதலாக இருந்தது. மிச்சம் பிடித்த மருந்தாவது மிச்சம்தானே என்றார்.

மருந்துக்கு அசையாத பூச்சியும் கொதிக்கிற தண்ணீருக்குத் தப்பாது. அதைத் தாங்குகிற உடம்பு எந்தப் பூச்சிக்கும் இன்னும் வாய்க்கவில்லை. சித்திரை வெயிலில் வளவு என்கிற உள்முற்றத்தில் கட்டில்களை எல்லாம் கழற்றிப் போட்டோம். பந்திச் சமையலுக்கு வைத்திருந்த அண்டாக்களில் தண்ணீர் கொதித்தது. கூலிக்கு வந்த இரண்டு பெண்கள் மூட்டு மூட்டாக ஊற்ற, நான் குச்சியோடு மேற்பார்வை பார்த்தேன். பர்மாத் தேக்கின் பாலிஷ் வெளுத்துப்போவதைப் பார்த்து ஆச்சி ஒவ்வொரு செம்புக்கும் ஒரு முறை முருகனைக் கூப்பிட்டார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாக இருக்கிறதே என்று புலம்பினார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து மறுபடியும் ஊற்ற வேண்டும் என்று நான் சொன்னபோதுதான் தகராறு. செத்துப்போனதுக்கு யாராவது இரண்டு தடவை காரியம் பண்ணுவார்களா என்று கேட்டார். இடுக்கில் தப்பிய முட்டை இருக்கும், அது பொரிக்கும் என்றேன். பொரித்த குஞ்சு ஐந்து தடவை சட்டை உரித்துத்தான் பெரிய பூச்சியாகும், ஒவ்வொரு சட்டைக்கும் முன்னால் அதற்கு ஒரு வேளை ரத்தம் வேண்டும் என்று விளக்கினேன். ஐந்து உடுப்புக்கு ஐந்து விருந்தா, நம் வீட்டுப் பெண்களுக்குக்கூட இத்தனை சடங்கு கிடையாதே என்று சொல்லிவிட்டு, விறகுக்கு ஆள் அனுப்பினார். மெத்தைகளைப் பிரித்து இலவம்பஞ்சை வெயிலில் காயவைத்து, உறைகளை வேகவைத்துத் தைத்தோம். கட்டில் வெடிப்புகளில் மெழுகு உருக்கி ஊற்றினோம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடு இரவல் வேண்டாம் என்று சொன்னதுதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் தலையணைகளைத் தூக்கிக்கொண்டு வந்தால் வாசலிலேயே மறிக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் உங்கள் தலையணையில் பூச்சி என்று ஆகும், சொல்லாவிட்டால் உங்கள் உறவு வேண்டாம் என்று ஆகும். ஆச்சி யோசித்து, புது மாப்பிள்ளை வீட்டில் எல்லாம் புதுசாக இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள் என்று ஒரு பொய்யைச் சொன்னார். அப்பாவிச் சின்னச் சம்பந்திகள் கல்யாணத்துக்கு முன்னாலேயே ஊரில் கெட்ட பெயர் வாங்கினார்கள்.

அப்புறம் செட்டியார் மெட்ராஸிலிருந்து வந்து, மதுரைக்கு நேரில் போய் மூத்த மாப்பிள்ளையை அழைத்தார். வீட்டில் ஒரு பூச்சிகூடக் கிடையாது, கல்லூரி டீச்சரே பார்த்துச் சொல்லியிருக்கிறார் என்று என் படிப்பையும் பணயம் வைத்துவிட்டு வந்தார். மாப்பிள்ளை கடைசியில் சம்மதித்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அவர்களுடைய கார் வந்து நின்றது. கார் மேலே ஒரு மெத்தை சுருட்டிக் கட்டியிருந்தது. அது என்ன என்று யாரும் கேட்க வேண்டிய தேவையே இல்லாமல், எனக்கு என் மெத்தையில் படுத்தால்தான் தூக்கம் வரும் என்று மாப்பிள்ளை வாசலில் நின்றே எல்லார் காதிலும் விழச் சொன்னார். நாங்கள் வேகவைத்துத் தைத்த மெத்தையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அவருடையதைக் கட்டிலில் விரித்தார்கள். கல்யாண வீடென்பதால் பெண்கள் எல்லாம் வீட்டின் உள்கட்டுப் பகுதியில் வரிசையாகப் படுத்துக்கொண்டோம். மூத்த மகள் இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தங்கையோடு படுத்தாள்.

காலையில் மாப்பிள்ளை சட்டைக் காலரை விலக்கிக்கொண்டு பட்டாலைக் கூடத்துக்கு வந்தார். கழுத்து தடித்திருந்தது. விரலிடுக்கில் ஒரு பூச்சியைப் பிடித்துக்கொண்டு வந்து, இதற்குத்தான் அழைத்தீர்களா என்று செட்டியாரிடம் கேட்டார். வந்திருந்த உறவுக்காரர்கள் கையில் காப்பியோடு அப்படியே நின்றார்கள். செட்டியார் என்னைப் பார்த்தார். ஆச்சியும் நானும் அந்த அறைக்குப் போனோம், மாப்பிள்ளையும் பின்னாலேயே வந்தார்.

கட்டிலை நான் தட்டிப் பார்த்தேன். மூட்டுகள் சுத்தமாக இருந்தன, ஊற்றிய மெழுகு உடையவில்லை. மெத்தையின் ஓரத் தையலைப் பிரித்துப் பார்த்தேன். கறுப்புப் புள்ளிகள், உரித்துப் போட்ட சட்டைகள், வெள்ளை முட்டைகள், ஒரு குடும்பமே அங்கே இருந்தது. மெத்தையின் மூலையில் சிவப்பு நூலில் ஆச்சி வீட்டு விலாச எழுத்துத் தைத்திருந்தது. பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான் ஒவ்வொன்றிலும் அந்த வீட்டின் எழுத்தைப் போடுவது அங்கே வழக்கம். கல்யாணச் சீராகப் போன மெத்தை அது. ஆச்சி விதைக்கு விட்ட பூச்சிகள் அதிலேறி மதுரைக்குப் போய், அங்கே நன்றாக வாழ்ந்து, இப்போது கார் மேல் ஏறித் திரும்பி வந்திருந்தன.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. எங்கள் கட்டில் சுத்தம், எங்கள் வேலை பழுதில்லை, பூச்சி வந்தது உங்கள் மெத்தையில் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லலாம். வேண்டுமானால் குழாயில் போட்டு மருந்து தூவியும் காட்டலாம். வாயைத் திறந்தேன். ஆச்சி என் மணிக்கட்டைப் பிடித்தார், வளையல் அழுந்தியது. அவர் பார்வை எனக்குப் பின்னால் இருந்தது. வாசற்படியில் மூத்த மகள் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்க வீட்டுப் பூச்சிதேன் மாப்பிள்ளை. எங்க மேலதேன் தப்பு, மன்னிச்சுக்கங்க" என்றார் ஆச்சி.

மாப்பிள்ளை இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு வந்த ஆள், எதிராளி காலில் விழுந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினார். பிறகு பெரிய மனுஷராகிவிட்டார். கல்யாண வீடென்றால் நாலும் இருக்கும்தான், பரவாயில்லை விடுங்கள் என்று பட்டாலையில் போய் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். தோசை வந்ததும் நிறையச் சாப்பிட்டார்.

நான் சமையல்கட்டில் ஆச்சியைப் பிடித்துக்கொண்டேன். கோபத்தில் எனக்கு அழுகையே வந்தது. இத்தனை நாள் வேகவைத்ததெல்லாம் எதற்கு, ஜெயித்த கட்சி எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கேட்டேன். ஆச்சி அண்டாவைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"நாம ஜெயிச்சிட்டு இங்குட்டே இருந்துக்கிருவோம் டீச்சரம்மா. அந்த ஜெயிப்பத் தூக்கிக்கிட்டு மதுரைக்குப் போயி அவதேன் குடித்தனம் பண்ணணும்."

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பெரிய மனசைக் காட்டியவருக்கு அதைப் பாதியில் நிறுத்த முடியவில்லை. பெண்டாட்டி ஒரு மாதம் தாய்வீட்டில் இருந்துவிட்டு வரட்டும் என்று அவராகவே சொன்னார். புதிதாகத் தைத்த மெத்தையைக் கார் மேலே கட்டி அனுப்பிவிட்டு, பழையதை ஆச்சி வைத்துக்கொண்டார். கொளுத்திவிடுங்கள் என்றேன். பஞ்சு நல்ல பஞ்சு என்று வெந்நீர் வைக்கச் சொன்னார்.

அன்று மத்தியானம் அந்த மெத்தையை ஆச்சியும் மூத்த மகளும் நானும் உட்கார்ந்து பிரித்தோம். மூத்த மகள் தையலைப் பிரிக்கிற வேகத்தைப் பார்த்து, மதுரையில் இதைப் பார்த்ததே இல்லையா, மாப்பிள்ளை எப்படி இத்தனை நாள் கவனிக்காமல் இருந்தார் என்று நான் கேட்டேன். அவர் அதையெல்லாம் மதுரைக் கொசு என்று நினைத்திருந்தார் என்றாள். கொஞ்ச நேரம் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாயைப் பார்க்காமலே சொன்னாள்.

"நான் தினம் விடியறதுக்கு முந்தி எந்திரிச்சு, கண்ணுல பட்டதெல்லாம் பொறுக்கிருவேம்மா. அவுகளுக்கு ஒண்ணு தட்டுப்பட்டாக்கூட உங்க பேச்சு வந்துரும்ல. நேத்து உங்ககூடப் படுத்ததுல பொறுக்கல."

இரண்டு வருஷம் அவள் அப்படி எழுந்திருக்கிறாள். ஆச்சி கையிலிருந்த பஞ்சைக் கீழே போட்டுவிட்டு அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். தலை பூராவும் பஞ்சு ஒட்டிக்கொண்டு இரண்டு பேரும் அழுதார்கள். கண்ணில் பட்டதை மட்டும் பொறுக்கினால் ஒளியத் தெரிந்தது மட்டும்தான் மிஞ்சிப் பெருகும் என்று என் நாக்கு நுனி வரைக்கும் பாடம் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு எழுந்துபோய், அவர்களுக்குக் காப்பி கலந்தேன்.